ஓர் அடிக்குப் பன்னிரண்டு அடி

ரயில் பயணச் சலுகைகளைப் பற்றியும், அவற்றுக்குரிய விண்ணப்பங்களை நிரப்பும் முறையைப் பற்றியும் இப்பகுதியில் அவ்வப்போது எழுதி வருகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டணச் சலுகையைப் பற்றி வாசக அன்பர்கள் கேட்பது வழக்கம். சலுகை உண்டு, அட்டை உண்டு, மும்பையின் புறநகர் வண்டிகளில் அவர்களுக்கென ஒதுக்கிய பெட்டியும் உண்டு. ஆயினும் அட்டை கையில் இருந்தும் அப்பெட்டியின் வாயிலை எட்ட இயலாதவருக்கு அச்சலுகையால் யாது பயன்? வீட்டு வாசற்படி, சந்து, நிலையத்தின் நுழைவாயில், மேம்பாலம், நடைமேடை, வண்டியின் படி என்று ஆறு இடங்கள் உள்ளன. இவற்றுள் ஓரிடத்தில் தடை நேர்ந்தாலும் மற்ற ஐந்தும் வீண். ஆதலின் இம்மாதம் படிவங்களை விடுத்து, இத்தடைகளை நீக்குவதற்கு உலகத்தார் செய்துள்ள ஆராய்ச்சியையும், அதனால் பிறந்த அளவுகளையும், அவ்வளவுகள் நம் நாட்டில் எந்நிலையில் உள்ளன என்பதையும் எழுத விரும்புகிறேன்.

‘இது நம் வீட்டு விஷயம் அன்று’ என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர். ஊரிலிருந்து மகனோடு தங்க வரும் முழங்கால் வலியுள்ள தாயும், நிறைமாதப் பெண்ணும், கால் முறிந்து கட்டுப் போட்டிருக்கும் இளைஞனும் இக்கணக்கில் சேராதவர்கள். மேம்பாலத்தின் படிக்கட்டோ இவர்கள் எல்லாருக்கும் ஒன்றே. முதுமை என்பது தவறாது வந்து சேரும் விருந்தாளி. இன்று பிறருக்காக அமைக்கப்படும் சாய்தளம் நாளை நமக்கே உதவும்.

முதலில் சாய்தளத்தையே எடுத்துக்கொள்வோம். அதற்கென ஓர் அளவு உண்டு. ஓர் அடி உயரம் ஏற வேண்டுமாயின் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளமேனும் இருத்தல் வேண்டும். அதைவிடக் குறைந்தால் செங்குத்தாகிவிடும். சக்கர நாற்காலியில் இருப்பவர் தம் கைவலியால் ஏற இயலாது. இறங்கும்போதோ நாற்காலி கட்டுக்கு அடங்காது. இந்த அளவு எவரோ ஒருவர் மேசை முன் அமர்ந்து மனம்போன போக்கில் எழுதியதன்று.

இரண்டாம் உலகப் போரில் காயமுற்று, கால் வழங்காமல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர் பலர் கல்லூரியிற் சேர்ந்து படிக்க விரும்பினர். அவர்களுக்காக இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1948-ஆம் ஆண்டு திமோதி நியூஜென்ட் என்பவர் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். கட்டடங்களை எப்படி அமைத்தால் இம்மாணவர்கள் பிறர் உதவியின்றி இயங்க முடியும் என்பதை, சக்கர நாற்காலியில் வாழும் அம்மாணவர்களைக் கொண்டே ஆராய்ந்தார்கள். நியூஜென்ட் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்க, 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் முதல் தர அளவுநூல் வெளிவந்தது. ஏ117.1 என்பது அதன் எண். சில பக்கங்களே கொண்ட சிறு நூல் அது. ஓரடிக்குப் பன்னிரண்டு அடி என்ற கணக்கை வகுத்துரைத்தது அந்நூலே. இன்று நம் நாட்டு வழிகாட்டு நெறிகளிலும் இவ்வளவே இடம்பெற்றிருக்கிறது.

கணக்கு எழுதும் வேலையில் இருப்பவனாதலால், இவ்வளவை நம் நிலையங்களுக்குப் பொருத்திப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. நடைமேடை மூன்றடி உயரம் என்று கொண்டால் அதன் முனையில் அமையும் சாய்தளம் முப்பத்தாறு அடி நீளம் வேண்டும். அது இயலக்கூடியதே. ஆனால் தண்டவாளங்களைக் கடக்கும் நடை மேம்பாலம் இருபது அடி உயரம் என்று கொண்டால் இருநூற்று நாற்பது அடிச் சாய்தளம் வேண்டும். இடையிடையே இளைப்பாறுவதற்குச் சமதளங்களும் வேண்டும். இரு புறமும் கடைகளும் சாலையும் நெருக்கும் மும்பை நிலையத்தில் இத்தனை இடத்துக்கு எங்கே போவது? ஆகவேதான் பல நிலையங்களில் லிஃப்ட் இன்றியமையாததாகிறது. லிஃப்ட் பழுதாகிக் கதவில் அறிவிப்பு தொங்கும் நாளில், நமக்கு அது சிறிய தொல்லை, படியேறிப் போய்விடுவோம். சக்கர நாற்காலிக்காரருக்கோ அன்று அந்த நிலையமே மூடிவிட்டதாகப் பொருள்.

அடுத்து, நடைமேடைகளில் நாம் நாள்தோறும் மிதித்துச் செல்லும் மஞ்சள் ஓடுகளைப் பாருங்கள். சிலவற்றில் நீண்ட கோடுகள் புடைத்திருக்கும். சிலவற்றில் வட்டப் புள்ளிகள் புடைத்திருக்கும். இவை அழகுக்காகப் பதித்தவை என்று எண்ணுவோர் பலர். ஜப்பான் நாட்டில் செய்இச்சி மியாகே என்பவர் 1965-ஆம் ஆண்டில், பார்வையற்றோர்க்குப் பாதத்தாலும் ஊன்றுகோலாலும் உணரத்தக்க ஓடுகளை உருவாக்கினார். 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளி ஒன்றின் அருகே அவை முதன்முதலாகத் தெருவில் பதிக்கப்பட்டன. 1970-இல் ஒசாகா வட்டாரத்தின் ரயில் நிலையம் ஒன்றின் நடைமேடையில் ஏறின. கோடு என்றால் ‘இவ்வழியே செல்க’; புள்ளி என்றால் ‘நில், கவனி’. எழுத்தறியாப் பாதமும் படிக்கக்கூடிய மொழி இது.

ஆயினும் ஒவ்வோர் ஊரும் தத்தமக்குத் தோன்றிய வடிவில் ஓடுகளைப் பதித்தமையால், ஓரிடத்தில் கற்ற மொழி பிறிதோரிடத்தில் பொருளற்றதாயிற்று. ஆகவே ஜப்பானியர் மேலும் ஆராய்ந்து 2001-ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் ஒரே அளவை வகுத்தனர். தர அளவு என்பதன் பயன் இதுவே. தானேயில் ‘நில்’ என்று சொல்லும் ஓடு செம்பூரில் ‘செல்’ என்று சொல்லலாகாது. அவ்வோட்டின்மேல் மூட்டையை வைத்துவிட்டு வண்டிக்குக் காத்திருப்பவர், எழுதப்பட்ட வாக்கியத்தின் நடுவே மையைக் கொட்டியவர் ஆகிறார். மும்பை நடைமேடைகள் பலவற்றில், ஒதுக்கிய பெட்டி நிற்கும் இடத்தை அறிவிக்க விட்டுவிட்டு ஒலிக்கும் கருவி ஒன்று உண்டு. அதன் பொருளும் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஒருமுறை அளந்தால் என்றைக்கும் போதும் என்று எண்ணுதலும் பொருந்தாது. பழைய அளவுகள் பழைய நாற்காலிகளுக்கு ஏற்பட்டவை. மின்கலத்தால் ஓடும் நாற்காலிகள் பெருகியபின், அமெரிக்காவின் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு ஸ்டைன்ஃபெல்ட் என்னும் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 500 பேரை நாற்காலியோடு அளந்து ஆராய்ந்தனர். பழைய அளவு பலருக்குப் போதவில்லை என்பது தெளிவாயிற்று. நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்புவதற்கு 60 அங்குலம் என்றிருந்த இடம், 2017-ஆம் ஆண்டுப் பதிப்பில் புதிய கட்டடங்களுக்கு 67 அங்குலம் என்று உயர்த்தப்பட்டது. ஏழு அங்குலம்தானே என்று தோன்றலாம். குளியலறைக்குள் நுழைந்தவர் திரும்ப இயலாமல் பின்புறமாகவே வெளிவருவதும், முகம் நிமிர்ந்து வெளிவருவதும் அந்த ஏழு அங்குலத்தில் இருக்கின்றன.

நம் நாட்டுக்கோ வேறு அளவுகளும் தேவைப்படுகின்றன. இங்கே கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியில் செல்வோர் பலர். சிறு சக்கரம் பூட்டிய பலகையில் தரையோடு தரையாக நகர்வோர் உளர். பயணச்சீட்டு வாங்கும் சாளரம் இவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அயல்நாட்டு அளவை அப்படியே இறக்குமதி செய்தால் இவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். நடுவண் அரசு 2016-ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டு நெறித் தொகுப்பையும், பின்னர் ரூர்க்கி ஐ.ஐ.டி.யும் தேசிய நகர்ப்புற விவகார நிறுவனமும் உருவாக்கிய 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பையும் வெளியிட்டது. கதவின் திறப்பு குறைந்தது 900 மில்லிமீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றடி, இருத்தல் வேண்டும் என்பது போன்ற அளவுகள் அவற்றில் உள்ளன. தாராவியில் எத்தனை சந்துகள் அவ்வகலம் உடையவை என்பதை அங்கு வாழும் அன்பர்கள் அறிவர்.

நம் புறநகர் ரயிலின் நடைமேடைக் கதையும் அறியத்தக்கது. இந்திய ரயில்வேயின் உயர்ந்த வகை நடைமேடைக்குத் தண்டவாள மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் வரை உயரம் வகுக்கப்பட்டிருந்தது. வண்டியின் தளமோ ஒரு மீட்டருக்கும் மேல். இடையில் விழுந்த இடைவெளியில் பயணிகள் சிக்கி உயிரும் உறுப்பும் இழந்த விபத்துகள் பல. மும்பை உயர் நீதிமன்றம் தலையிட்டபின் இப்பகுதி நடைமேடைகளை 900 முதல் 920 மில்லிமீட்டர் வரை உயர்த்தும் பணி நடந்தது. இதனால் நேர்ந்த நன்மை பெரிது. எனினும் எஞ்சியிருக்கும் படி சக்கர நாற்காலிக்கு இன்னும் ஒரு சுவரே. வண்டி நிற்பதோ இருபது முப்பது விநாடி. அதற்குள் இருவர் தூக்கி ஏற்றினால்தான் உண்டு.

‘தூக்கி ஏற்றினால் போயிற்று, நம்மவர்களுக்கு இரக்கம் இல்லையா?’ என்று கேட்பர். இரக்கம் உண்டு என்பதை நான் நாள்தோறும் நிலையங்களில் காண்கிறேன். ஆனால் படித்துப் பட்டம் பெற்று, வேலைக்குச் செல்லும் ஒருவர், காலையும் மாலையும் பார்சல் மூட்டைபோல் முன்பின் அறியாதார் கையில் தூக்கப்படுவதை விரும்புவாரா? தூக்க ஆளில்லாத நாளில் அவர் விடுப்பு எடுக்க வேண்டுமா? இரக்கம் ஆளுக்கு ஆள் மாறும்; அளவு மாறாது. 2014 ஜூன் 8 அன்று வெர்சோவா, காட்கோபர் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோ வண்டியில் நடைமேடையும் வண்டித் தளமும் ஒரே மட்டத்தில் உள்ளன; நிலையந்தோறும் லிஃப்ட் உள்ளது. இதே நகரில், இதே மக்களுக்கு அது இயன்றிருக்கிறது. தொடக்கத்திலேயே அளந்து கட்டியமையே அதற்குக் காரணம்.

இனி மிக முக்கியமான செய்திக்கு வருவோம். அளவு இருப்பது வேறு. அது கட்டாயமாக இருப்பது வேறு. அமெரிக்காவின் 1961-ஆம் ஆண்டு நூலைப் பின்பற்றுவதும் பின்பற்றாததும் முதலில் அவரவர் விருப்பமாகவே இருந்தது. 1968-இல் அரசுக் கட்டடங்களுக்குச் சட்டம் பிறந்தபின்னரே அவ்வளவுகளுக்கு வலிமை வந்தது. இங்கும் அதே வரலாறு நிகழ்ந்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, தடையில்லா வசதிக்கான தர அளவுகளை விதிகளாக வகுக்க வேண்டும் என்று நடுவண் அரசைப் பணித்தது. 2017-இல் வந்த விதிகளோ பல்வேறு வழிகாட்டு நெறிகளைச் சுட்டிக்காட்டுவதோடு நின்றன. அந்நெறிகளின் வாசகமோ பெரிதும் ‘செய்யலாம்’, ‘செய்தல் நலம்’ என்பதாகவே இருந்தது.

பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரத்தூரி என்பார் 2005-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்திருந்தார். சாலையும் பேருந்தும் ரயிலும் கட்டடமும் தம் போன்றோர்க்கு எட்ட வேண்டும் என்பதே வழக்கு. 2017 டிசம்பர் 15 அன்று நீதிமன்றம் பதினோரு கட்டளைகளைப் பிறப்பித்தது. அவை நிறைவேறும் வேகம் போதாமையைக் கண்டு, ஐதராபாதிலுள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையத்தைக் கள ஆய்வு செய்து அறிக்கை தருமாறு பணித்தது. ‘அனைவருக்கும் பொருந்தும் அளவு தேடல்’ என்ற பொருள்படும் தலைப்பில் அவ்வறிக்கை வந்தது. தமிழ்நாட்டின் 21,669 பேருந்துகளில் 1,917 மட்டுமே ஓரளவேனும் இவர்கள் ஏறத்தக்கவை என்பதும், மும்பையின் புறநகர் ரயில் பெரும்பாலும் இவர்களுக்கு எட்டாததாகவே உள்ளது என்பதும் அங்கே பதிவாயின. பிறந்த மண்ணும் பிழைக்க வந்த மண்ணும் ஒரே பக்கத்தில் குறைபாட்டுக்காகச் சுட்டப்பட்டதை நாம் நினைவில் கொள்ளுதல் தகும்.

2024 நவம்பர் 8 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் உள்ளிட்ட மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. சட்டம் ‘கட்டாயம்’ என்று கூறியிருக்க, விதி அதை ‘விருப்பம்’ ஆக்கிவிடலாகாது. ஆகவே 2017-ஆம் ஆண்டு விதிகளில் 15(1)-ஆம் விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறிற்று. எவை தவறாமல் செய்தே தீர வேண்டியவை, எவை படிப்படியாக முன்னேற்ற வேண்டியவை என்று பிரித்து, கட்டாய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறும், அதற்கு அந்த ஆய்வு மையத்தின் துணையைக் கொள்ளுமாறும் பணித்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வறிக்கை நாட்டின் சட்டத்தையே நிமிர்த்திய நிகழ்ச்சி இது.

ஆராய்ச்சி என்றவுடன் பெரிய கருவிகளும் ஆய்வுக்கூடமும் வேண்டும் என்று மலைக்க வேண்டியதில்லை. எவர் கணக்கில் இல்லை என்று கேட்பதே முதல் ஆராய்ச்சி. 1972-இல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவை நிறுவிய மிது அலூர் அம்மையார், தாராவிக் குழந்தைகளிடையேயும் அவர்தம் நிறுவனம் பணிபுரியச் செய்தவர். அங்கன்வாடித் திட்டம் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளைக் கண்ணிலிருந்தே விட்டுவிட்டது என்பதை அவருடைய ஆய்வு எடுத்துக்காட்டிற்று. கண்ணுக்குப் படாதவருக்கு எவரும் கதவு அமைப்பதில்லை.

கட்டியதைக் காத்தலும் அளத்தலைப் போன்றே முக்கியம். சென்னை மெரீனாவில் சக்கர நாற்காலியர் கடலலை அருகே செல்லும்படி 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை அமைத்து 2022 நவம்பர் 27 அன்று திறந்தனர். கடலைக் கிட்டே சென்று காணாத பலர் அன்று கண்டனர். இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது, பின்னர்ச் செப்பனிட்டார்கள். புயல் ஓயும், லிஃப்ட் பழுதாகும், ஓடு பெயரும். செப்பனிடும் பொறுப்பும் அதன் காலக்கெடுவும் அளவோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

அரசும் நீதிமன்றமும் செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்க, நாம் செய்யக்கூடியதும் உண்டு. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் நாம் எடுக்கும் மண்டபங்களை நினைத்துப் பாருங்கள். வாசலில் ஆறங்குலப் படி மூன்று இருந்தால் உயரம் ஒன்றரை அடி. அதற்குச் சாய்தளம் பதினெட்டு அடி வேண்டும். பந்தற்காரர் நல்லெண்ணத்தோடு ஆறடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைப்பார். அது ஓரடிக்கு நான்கடிக் கணக்கு. ஏறுவோர் பின்னால் சாய்ந்து விழுவர். கழிப்பறைக் கதவு இரண்டடி அகலமாக இருந்தால், நான்கு மணி நேர விழாவில் தண்ணீர் அருந்தாமல் உட்கார்ந்திருப்போர் சிலர் நம்மிடையே இருப்பர்; அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை; மறு ஆண்டு வருவதில்லை. ‘உடம்புக்கு முடியவில்லை போலும்’ என்று நாமும் சொல்லிவிடுகிறோம். முடியாதது உடம்புக்கு அன்று; அந்த மூன்று படிக்கே.

ஆகவே நம் நிர்வாகக் குழுவினருக்கு மூன்று விண்ணப்பங்கள். அடுத்த விழாவுக்கு மண்டபம் பேசும்போது வாடகையை விசாரிப்பதற்கு முன் ஓர் அளவு நாடாவைக் கொண்டு வாசற்படியையும், கதவையும், கழிப்பறையையும் அளக்க வேண்டும். அளக்கச் செல்லும் குழுவில் சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ கொண்டு நடமாடும் உறுப்பினர் ஒருவரேனும் இருக்க வேண்டும். அவர் சொல்லே முடிவாக இருக்க வேண்டும். விழாவுக்கு வருவதை நிறுத்திவிட்ட குடும்பங்களின் பட்டியலைப் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து, காரணம் கேட்டு எழுத வேண்டும்.

உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் நிலையத்தில் லிஃப்ட் நின்றிருந்தால் 139 என்ற ரயில்வே உதவி எண்ணில் நாளும் இடமும் குறித்துப் புகார் பதியுங்கள். பொதுக் கட்டடங்களில் காணும் குறைகளை, நடுவண் அரசு 2021-இல் வெளியிட்ட ‘சுகம்ய பாரத்’ செயலியில் படத்தோடு தெரிவிக்கலாம். படியேறிச் செல்ல வல்லவர்களே இதைச் செய்ய வேண்டும். ஏனெனில் ஏற இயலாதவர் அன்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அவருடைய புகார் நிலையத்தை எட்டுவதில்லை.

அளவு நாடா ஒன்றின் விலை ஒரு வேளைச் சிற்றுண்டியை விஞ்சாது. அடுத்த விழாக் குழுக் கூட்டத்துக்கு நான் ஒன்றைக் கொண்டு வருகிறேன். மண்டபத்தை அளக்க உடன்வர விரும்பும் அன்பர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுத்து வைக்க வேண்டுகிறேன்.